மஞ்சள் துணி கட்டிய மாமரம்

அத்தியாயம் 6

மாதப்பன் திருடினான் என்பதற்கு ஸ்டேஷனில் ஒரு சாக்கு நிறைய சாட்சி இருந்தது. காலையில் பானுமதி போய்ப் பார்த்தபோது அதில் பாதியை ஸ்டேஷனே தின்று முடித்திருந்தது.

"மிச்சத்தைக் கோர்ட்டுக்கு அனுப்பணும். தொடாதீங்க," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் கலைவாணன். அவருடைய சட்டைப் பையில் மாம்பழச் சாறு ஒரு சொட்டு காய்ந்திருந்தது.

"தொடலை சார். மோந்துதான் பாக்கறேன்."

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செல்போன் ரிப்பேர் கடையின் மாடியில், 'பானுமதி துப்பறியும் நிலையம்' என்று ஒரு போர்டு தொங்குகிறது. வருவதெல்லாம் கல்யாண விசாரணை. மாப்பிள்ளைக்குக் குடி உண்டா, வேறு குடும்பம் உண்டா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா என்று பார்ப்பதிலேயே பன்னிரண்டு மாசமும் போய்விடும். மாம்பழத்துக்காக அவள் படியிறங்கியது இதுதான் முதல் தடவை. பைக் ஓட்டுவதற்கென்று அவள் வைத்திருந்த சவுரியப்பன், கேட்காமலே வாயையும் சேர்த்து ஓட்டுவான்.

பானுமதி சாக்கின் வாயில் குனிந்தாள். பழம் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான். நன்றாகப் பழுத்தும் தோல் பச்சையாகவே இருந்தது. காம்புப் பக்கம் மட்டும் லேசாகச் சிவப்பு ஓடியிருந்தது. மூக்குக்குக் கிட்டே வந்தால் ஓம வாசம் அடித்தது.

"இது என்ன ஜாதி சார்?"

"செந்தூரா இல்லை, பெங்களூரா இல்லை, நீலம் இல்லை. மண்டிக்காரங்க எல்லாரும் வந்து தின்னு பாத்துட்டாங்க. ஒருத்தனுக்கும் பேர் தெரியலை. கேஸே அதுலதான் நிக்குது."

நடந்தது இதுதான். முந்தின நாள் மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மாதப்பன் இந்தப் பழத்தைக் கூறு போட்டு விற்றிருக்கிறான். தின்று பார்த்த யாரோ ஒருவர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பெரிய நர்சரி வைத்திருக்கும் நவநீதனுக்குப் போன் பண்ணியிருக்கிறார். நவநீதன் காரில் வந்து இறங்கி, பழத்தை எடுத்துப் பார்த்து, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். இந்தப் பழம் காய்ப்பது உலகத்திலேயே ஒரே ஒரு மரத்தில், அந்த மரம் நிற்பது என் தோப்பில், ஆகவே இவன் திருடன். புகார் அவ்வளவுதான்.

"பேரே இல்லாத பழத்துக்கு ஓனர் மட்டும் இருக்காரா சார்?" என்றான் சவுரியப்பன்.

"நீ யாருய்யா?"

"டிரைவருங்க."

"அப்ப வண்டிகிட்ட நில்லு."

சவுரியப்பன் வண்டி இருந்த திசையில் அரை அடி நகர்ந்து நின்றான்.

மாதப்பன் சுவர் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மாங்காய்ப் பால் பட்டுப் பட்டு வெந்த தழும்புகள் தோளிலும் முழங்கையிலும் கறுத்துக் கிடந்தன. இந்தச் சீசனில் இந்த ஜில்லாவில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும்.

"எங்க பறிச்சே?" என்று கேட்டாள் பானுமதி.

"மலைல ஒரு மரங்க."

"எந்த மலை?"

"சித்தேரி மலைங்க."

"அது பெரிய மலையாச்சே."

"ஆமாங்க. பெரிய மலைங்க."

"வந்து காட்டறியா? எஸ்.ஐ. சார்கிட்ட சொல்லிக் கூட்டிட்டுப் போறேன்."

மாதப்பன் எதிர்ச்சுவரைப் பார்த்தான். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"மாட்டேங்க," என்றான்.

கலைவாணன் கையை விரித்தார். "பாத்தீங்களா? காட்டுடான்னு நானும் கேட்டுட்டேன். சாயங்காலம் வரைக்கும் பொறுக்கறேன். அப்புறம் எஃப்.ஐ.ஆர். போட்டு ரிமாண்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்."

வெளியே வேப்பமரத்தடியில் மாதப்பன் மனைவி காவேரி நின்றிருந்தாள். பானுமதியைத் தேடி வந்து கூப்பிட்டவள் அவள்தான்.

"உன் வூட்டுக்காரரு எடத்தைச் சொல்ல மாட்டேங்கறாரே, ஏம்மா?"

"எங்கிட்டயும் சொல்லலீங்கக்கா. எங்க ரெண்டு பேருக்கும் மாங்காய் வேலையை வுட்டா வேற தெரியாது. திருட்டுக் கேஸுன்னு ஒருவாட்டி வுழுந்துட்டா, எந்தத் தோப்புக்காரனும் கேட்டைத் தாண்ட வுட மாட்டான். அது அவருக்கும் தெரியும். தெரிஞ்சும் வாயைத் தொறக்கலைன்னா, தொறந்தா அதைவிடப் பெருசா ஏதோ வரும்னு பயப்படறாரு."

"பெருசுன்னா என்ன?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூட்டியாந்தேன்," என்றாள் காவேரி.

பைக்கில் ஏறும்போது சவுரியப்பன் சொன்னான்: "அக்கா, நம்ம ஆபீசுக்கு ஒரு ஆள் வேணும்னீங்களே, இந்தம்மாவையே கேட்டுப் பாருங்க."

நவநீதன் வாசலுக்கே வந்து வரவேற்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மணிக்கட்டில் தங்க வாட்ச். நர்சரிக்குள் பச்சை வலைப் பந்தலின் கீழ் ஒட்டு மாஞ்செடிகள் வரிசை வரிசையாக நின்றன. பந்தலைத் தாண்டி, தனியாக முள்வேலி போட்டு, அந்த மரம்.

"இதான் மேடம். நவநீதப் பசந்த்."

"யார் வெச்ச பேருங்க?"

"நான்தான். வர்ற மாங்கனிக் கண்காட்சில வெளிய விடப்போறேன். அப்புறம் நம்மகிட்ட மட்டுந்தான் செடி கெடைக்கும்."

"மரம் எப்படி வந்துச்சு?"

"எங்கப்பா பழம் தின்னுட்டு வீசின கொட்டை. தானா மொளைச்சுது. யாரும் நடலை, யாரும் கட்டலை."

"உங்கப்பா தின்ன பழம் எந்த மரத்துதுங்க சார்?" என்றான் சவுரியப்பன். "அப்ப இன்னொரு மரம் இருந்திருக்குமே?"

நவநீதன் சிரித்தார். பல பேரிடம் இந்தப் பாடத்தை நடத்திப் பழகிய சிரிப்பு. "தம்பி, மாங்கொட்டை தாய் மாதிரியே காய்க்காது. ஒவ்வொரு கொட்டையும் ஒரு புது ஜாதி. ஒரே ஜாதி ரெண்டு மரம் வேணும்னா, தாய் மரத்துக் குச்சியை வெட்டி வேற செடி மேல ஒட்டுத்தான் கட்டணும். இது கொட்டையில வந்த மரம். இதுலேர்ந்து நான் இன்னும் ஒரு ஒட்டுகூட வெளிய குடுக்கலை. அதனால இந்தப் பழம் எவன் கையில இருந்தாலும் இந்த மரத்துப் பழந்தான்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. பானுமதி மரத்தைப் பார்த்தாள். இடுப்பு உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி அகலமாக மஞ்சள் துணி கட்டி, அதன்மேல் குங்குமம் தடவியிருந்தது.

"என்ன சாமிங்க?"

"சாமியா? ம்... முனியப்பன். குலசாமி. அப்பா காலத்துலேர்ந்து கும்பிடறோம்."

பானுமதி செருப்பைக் கழற்றிவிட்டு வேலிக்குள் போனாள். நவநீதன் செருப்புக் காலோடுதான் வந்தார். அதே நேரத்தில் பழம் பறிக்க வலைக்கோலோடு ஒருவன் வந்தான். ரப்பர் செருப்புக் காலை அந்த மஞ்சள் துணியின்மேல் ஊன்றி, ஒரே எம்பில் மேல்கிளைக்குப் போய்விட்டான். கால் துளிகூட வழுக்கவில்லை. ஏணிப்படியில் வைத்த மாதிரி நின்றது. நவநீதன் அவனை ஒன்றும் சொல்லவில்லை.

பானுமதி அதைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். கீழே கிடந்த ஓர் இலையை எடுத்து, கசக்கி, மோந்து பார்த்தாள். ஓம வாசம். இன்னும் இரண்டு இலையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பழம் வேணுமா மேடம்?"

"வேண்டாங்க. ஸ்டேஷன்ல நெறைய இருக்குது."

வெளியே வந்ததும் சவுரியப்பன் கேட்டான்: "அக்கா, மலையில எந்த மரம்னு தேடறது? பேரும் தெரியாது, எடமும் தெரியாது. நம்ம மாப்பிள்ளைங்களுக்காவது ஆதார் கார்டு இருக்கும்."

"சாக்கு எவ்வளவு வெயிட் இருக்கும்?"

"முழுசா இருந்தப்பவா, எஸ்.ஐ. சாப்பிட்டதுக்கு அப்புறமா?"

"முழுசா."

"நான் தூக்குனா இடுப்பு போயிடும்."

"அதைத் தலையில வெச்சுக்கிட்டு ஒருத்தன் மலையைச் சுத்த முடியாது. பக்கத்துல எங்க ரோடு இருக்கோ அங்க எறங்கி, வர்ற பஸ்ஸுல ஏறியிருப்பான். மூட்டைன்னா கண்டக்டர் சும்மா ஏத்தியிருக்க மாட்டான். ஒரு சண்டை நடந்திருக்கும். சண்டையைப் பாத்தவங்க மறக்க மாட்டாங்க."

மலையடிவாரத்தில் மூன்றாவது டீக்கடையில் அந்தச் சண்டை கிடைத்தது. கடைக்காரி குள்ளம்மாள் வடையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்:

"ஆமா, சாக்கு மூட்டை. கண்டக்டரு லக்கேஜு போடுன்னான், இவன் மடியில வெச்சுக்கறேன்னான். அந்த மூட்டையை எவனாவது மடியில வெப்பானா? அந்த ஒத்தையடிப் பாதையிலதான் எறங்கி வந்தான். மேல போனா பழைய தோப்பு ஒண்ணு கெடக்குது. எந்தக் காலத்துல எவன் வெச்சான்னே தெரியாது. புறம்போக்கு. கொரங்குக்கும் கரடிக்கும்தான் ஆவும்."

"கரடியா?" என்றான் சவுரியப்பன்.

"பகல்ல வராது. வந்தாலும் உன்னைத் தின்னாது. மாம்பழந்தான் தின்னும்."

தோப்பு என்று சொன்னாலும், உண்ணிச் செடிப் புதருக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிழட்டு மாமரங்கள். ஒவ்வொன்றின் அடிமரத்தையும் இரண்டு பேர் சேர்ந்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். ஒன்று போல ஒன்று இல்லை. ஒன்றில் விரல் நீளத்துக்குக் காய், இன்னொன்றில் தேங்காய் போல உருண்டை. பலவற்றில் காயே இல்லை. பேர் சொல்ல ஆளும் இல்லை.

பானுமதி நர்சரி இலையை எடுத்து அவனிடம் கொடுத்தாள். "காயைப் பாக்காதே. ஒவ்வொரு மரத்துலயும் ஒரு இலையைக் கசக்கி மோந்து பாரு. ஓம வாசம் வந்தா கூப்பிடு."

சவுரியப்பன் மரம் மரமாகப் போனான். நடுவில் ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்து, முகம் கோணித் துப்பினான்.

"என்ன?"

"இது பேரில்லாம இருக்கறதே அதுக்கு மரியாதைங்க."

கடைசி மரம் வரை பார்த்தாயிற்று. மண்ணெண்ணெய் வாசம் வந்தது, எலுமிச்சை வாசம் வந்தது, ஒன்றும் வராததும் இருந்தது. ஓமம் மட்டும் இல்லை.

"அக்கா, அந்தாளு பொய்தான் சொல்லியிருக்கான். திருடிட்டான்."

பானுமதி நின்றுவிட்டாள். சரிவில் ஓர் இடத்தில் மட்டும் வெயில் நேராக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டுக்குள் அவ்வளவு வெளிச்சம் வர வேண்டிய அவசியம் இல்லை.

புதரை விலக்கிக்கொண்டு போனார்கள். அங்கே மரம் கிடந்தது. வெட்டுப்பட்டு, கிளைகளோடு ஒருக்களித்து விழுந்திருந்தது. வெட்டுவாயில் பால் இன்னும் முழுசாகக் காயவில்லை. இலைகள் வதங்கிச் சுருண்டிருந்தன. சவுரியப்பன் ஒன்றைப் பறித்துக் கசக்கினான். மூக்குக்குக் கொண்டுபோகும் முன்பே வாசம் வந்துவிட்டது.

"ஓமம்," என்றான். 

பானுமதி கிளைகளைப் புரட்டிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் காம்பு இருந்தது. ஒன்றிலும் காய் இல்லை. விழுந்து நசுங்கிய பழமும் தரையில் இல்லை. பிறகு நின்ற அடிமரத்தின் பக்கம் போனாள். வெட்டு இடுப்பு உயரத்தில் இருந்தது. கீழே, வேர் மேட்டில் ஒரு வெற்றிலை. வெற்றிலை நடுவில் கற்பூரம் எரிந்த கறுப்பு.

"சவுரி, கட்டைக்காக வெட்டறவன் எங்க வெட்டுவான்?"

"தரையோட தரையா. அடியிலதானே கட்டை வெயிட்டு."

"இவன் இடுப்புக்கு மேல வெட்டியிருக்கான். மறுபடி துளிர்க்கட்டும்னு. வெட்டறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தியிருக்கான். காயோட இருக்கற மரத்துல கோடாலி வெக்கறது பாவம்னு, ஏறி ஒரு காய் விடாம எறக்கியிருக்கான். அப்புறந்தான் வெட்டியிருக்கான்."

"அப்ப காயை எறக்கினவனும்..."

"வெட்டினவனும் ஒருத்தன்தான்." பானுமதி போனை எடுத்தாள். சிக்னலுக்காக ஒரு பாறைமேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. "காவேரி, உங்க வூட்ல கோடாலி இருக்குதா?"



"எடுத்துட்டுப் போனாருங்கக்கா. அது இன்னும் வூட்டுக்கு வரலை."

"வேலைக்குக் கூப்பிட்டது யாரு?"

"நர்சரி மேஸ்திரி. வெறகு வெட்டணும், ஆள் வேணும்னாரு."

பானுமதி பாறையிலிருந்து இறங்கினாள். சவுரியப்பன் அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அப்ப ஆளைக் காப்பாத்தியாச்சு! பழம் இந்த மரத்துது. எஸ்.ஐ.யைக் கூட்டியாந்து காட்டிட்டா திருட்டுக் கேஸ் போச்சு."

"போச்சு. புறம்போக்கு மரத்தை வெட்டின கேஸ் வந்துச்சு. அதுல மேஸ்திரி நான் யாரையும் அனுப்பலைம்பான். ஓனரு எனக்குத் தெரியாதும்பாரு. கோடாலி பிடிச்சவன் மட்டும் உள்ள போவான். மாதப்பனுக்கு அது தெரியும். அதான் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்."

"வாயை மூடினா திருடன். தொறந்தா மரம் வெட்டி. நல்ல சாய்ஸு."

"வண்டியை எடு."

"எங்கங்க?"

"முனியப்பன் கோயிலுக்கு."

நர்சரியில் மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் பந்தலுக்குள் போயிருந்தார்கள். நவநீதன் வருவதற்குள் பானுமதி வேலிக்குள் போய்விட்டாள். துணியின் முடிச்சில் கை வைத்தாள்.

"அக்கா, சாமி குத்தம் ஆயிடப்போவுது," என்றான் சவுரியப்பன்.

"செருப்புக் காலையே ஒண்ணும் சொல்லாத சாமிடா."

துணி அவிழ்ந்து விழுந்தது. அடிமரத்தைச் சுற்றி, வளையம் போல ஒரு புடைப்பு. அதற்குக் கீழே பட்டை முதலைத் தோல் மாதிரிக் கறுத்து வெடித்திருந்தது. மேலே வெளுப்பாக, வழவழப்பாக இருந்தது. கீழே ஒரு மரம், மேலே ஒரு மரம். ஏறுகிறவன் கால் வழுக்காமல் நின்றது அந்தப் புடைப்பில்தான்.

"மேடம்! மேடம், அது வண்டு ஓட்டை. மருந்து வெச்சுக் கட்டியிருந்தேன்," என்று ஓடி வந்தார் நவநீதன்.

"காலைல முனியப்பன்னு சொன்னீங்க."

"மருந்துக்கும் சாமி தொணை வேணுமில்ல."

"ஏனுங்க, நீங்க வருசம் பூரா ஒட்டுக் கட்டறவரு. இது என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? கொட்டையில வந்த மரத்துக்கு இந்த வளையம் வராது. இது ஒட்டு. ஒட்டுன்னா தாய் மரம் ஒண்ணு இருக்கணும். காலைல நீங்கதான் பாடம் எடுத்தீங்க."

நவநீதன் வாட்சைத் திருகினார். "சரி, ஒட்டு. எங்கப்பா எங்கேருந்தோ குச்சி கொண்டாந்து கட்டினாரு. தாய் மரம் எங்க இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? காட்டுங்க பாக்கலாம்."

"காட்ட முடியாது. போன வாரம் கேட்டிருந்தா காட்டியிருப்பேன். இப்ப வெட்டிப் போட்டிருக்குது."

"யாரு வெட்டினா எனக்கென்ன?"

"கண்காட்சிக்கு முன்னாடி அது இல்லாம போறது உங்களுக்குத்தானே வேணும்? நீங்க மேஸ்திரிகிட்ட சொன்னீங்க. மேஸ்திரி ஆளு புடிச்சாரு. யாரைன்னு கேட்டீங்களா?"

நவநீதன் கேட்டிருக்கவில்லை. கூலிக்கு வருகிறவன் பேரை எந்த ஓனரும் கேட்பதில்லை.

"மாதப்பனை," என்றாள் பானுமதி. "வெட்டறதுக்கு முன்னாடி அவன் காயை எறக்கிட்டான். அதைத்தான் மொரப்பூர்ல வித்தான். தாய் மரந்தான் போச்சே, அப்ப இது உங்க மரத்துல திருடினதுன்னு நெனைச்சுத்தான் நீங்க ஸ்டேஷனுக்கு ஓடினீங்க. உங்களுக்காக மரம் வெட்டினவனை நீங்களே புடிச்சு ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்கீங்க. நாளைக்கு ஜட்ஜு கேப்பாரு: பழத்தை எங்க பறிச்சே? இன்னிக்கு வரைக்கும் அவன் சொல்லலை. ஜெயிலுக்குப் போறது உறுதின்னு ஆயிட்டா அவன் ஏன் சொல்லாம இருக்கணும்?"

பந்தலுக்குள் யாரோ பம்ப் செட்டைப் போட்டார்கள். சொட்டுநீர்க் குழாய்களில் காற்று சீறியது.

"நீங்க என்ன மேடம் பண்ணச் சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலை. காருச் சாவி உங்க பையில இருக்குது. ஸ்டேஷன் எங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

சவுரியப்பன் கீழே கிடந்த மஞ்சள் துணியை எடுத்து, ஒழுங்காக மடித்து, அவர் கையில் கொடுத்தான். "சாமிங்க," என்றான்.

நான்கு மணிக்குள் புகார் வாபஸ் ஆகிவிட்டது. பழத்தை அடையாளம் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நவநீதன் எழுதிக் கொடுத்தார். கலைவாணன் அதை இரண்டு தடவை படித்தார்.

"உலகத்துல ஒரே மரம்னீங்க?"

"பாக்கறதுக்கு அதே மாதிரி இருந்துச்சு சார்."

"எனக்கு ருசியும் அதே மாதிரிதான் இருந்துச்சு," என்றார் கலைவாணன். மேற்கொண்டு கேட்கவில்லை. அவருக்கு ஒரு கேஸ் குறைந்தது.

மாதப்பன் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றான். காவேரி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கோடாலி எங்க?"

"மலையில ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"புத்தியையும் அங்கேயே ஒளிச்சு வெச்சுட்டீங்களாக்கும். விக்கறவன் மொரப்பூர்லயா விப்பான்? ரயிலேத்தி வுட்டிருக்கலாம்ல."

பானுமதி குரலைத் தாழ்த்தினாள். "மாதப்பா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"கூட ரெண்டு பேரு வந்தாங்க அக்கா. நான் எடத்தைக் காட்டினா அவங்களும் மாட்டுவாங்க. ஒருத்தன் பொண்டாட்டி மாசமா இருக்குறா."

"சரி, இனி என்ன பண்ணப்போறே? கேஸ் இல்லேன்னாலும் ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சே. எந்தத் தோப்புல சேப்பாங்க?"

மாதப்பன் பதில் சொல்வதற்குள் ஒரு டாடா ஏஸ் வந்து நின்றது. பக்கவாட்டில் நவநீதன் நர்சரி என்று எழுதியிருந்தது. முன்சீட்டிலிருந்து மேஸ்திரி இறங்கினான். நேற்று வரை மாதப்பனை 'டேய்' என்று கூப்பிட்டவன், எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

"மாதப்பண்ணே. ஓனரு உங்களைக் கூட்டியாரச் சொன்னாரு. நாளையிலேருந்து வேலைக்கு வந்துடுவீங்களாம். சீசன் முடிஞ்சாலும் நிறுத்த மாட்டாராம். இந்த மலைக்கெல்லாம் இனி போக வேண்டாமாம்."

சவுரியப்பன் பானுமதியின் காதருகே குனிந்தான். "அக்கா, இதுக்குப் பேரு மிரட்டல் இல்லீங்களா?"

"யாரு மிரட்டினது? அவன் வாயே தொறக்கலையே."

மாதப்பன் காவேரியைப் பார்த்தான். காவேரி மேஸ்திரியைப் பார்த்தாள்.

"எனக்கு?" என்றாள்.

"உங்களுக்குங்களா? காய் பொறுக்கற வேலை..."

"வெயில்ல பொறுக்கற வேலையெல்லாம் நான் பாத்தாச்சு. ஒட்டுக் கட்டறாங்கல்ல, பந்தலுக்குள்ள, நெழல்ல. அந்த வேலை குடுக்கச் சொல்லுங்க."

"அது பழகினவங்களுக்குத்தான்..."

"பழகிக்கறேன். ஒண்ணை வெட்டி இன்னொண்ணுல சேத்துக் கட்டி மூடறதுதானே? உங்க ஓனரைவிட மோசமா கட்ட மாட்டேன்."

மேஸ்திரி போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான். பேசினான். கேட்டான். தலையாட்டினான். திரும்பி வந்தபோது முகம் வெயிலில் வைத்த கீரை மாதிரி இருந்தது.

"சரின்னுட்டாரு. வண்டியில ஏறுங்க, வூட்டுல எறக்கி வுட்டுடறேன்."

மாதப்பன் பழக்கத்தில் பின்பக்கம் போய், கிரேட்டுகளுக்கு நடுவே ஏறப் போனான். காவேரி முன்கதவைத் திறந்து, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, தள்ளி இடம் விட்டாள்.

"இங்க வாங்க," என்றாள் புருஷனிடம்.

மாதப்பன் தயங்கி வந்து ஏறினான். கதவைச் சாத்திக்கொண்டான். மேஸ்திரி கொஞ்ச நேரம் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பின்னால் ஏறிக்கொண்டான்.